பைக் டேங்க்கில் மூவர்ணக் கோடு: கொடியை வரையாமல், வண்ணத்தைக் கெடுக்காமல்

ஆகஸ்ட் 15 நெருங்க நெருங்க, "அண்ணே, டேங்க் முழுக்கக் கொடி அடிச்சுத் தருவீங்களா?" என்று பட்டறைக்கு வண்டியோடு வருகிறவர்கள் கூடிவிடுகிறார்கள். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் தேசியக் கொடியை அப்படியே பைக்கில் வரையக் கூடாது. கொடியின் மூன்று வண்ணங்களைக் கோடுகளாக ஏற்றலாம். ஒழுங்காகச் செய்தால் பார்க்கவும் அதுதான் அழகு, வருஷக்கணக்கில் நிற்கவும் செய்யும். எதைத் தவிர்க்க வேண்டும், மதுரை வெயிலுக்கும் காற்றுக்கும் போர் தண்ணீருக்கும் நடுவே இந்த வேலையை எப்படிச் செய்து முடிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சட்டம்

தேசிய கௌரவத்துக்கு இழிவு செய்வதைத் தடுக்கும் சட்டம் 1971-ல் வந்தது. வாகனத்தின் மேலோ, பக்கத்திலோ, பின்புறமோ கொடியைப் போர்த்துவது அவமதிப்பு என்று அதன் விளக்கத்தில் நேரடியாகவே இருக்கிறது. "துணியைப் போர்த்தினால்தானே தப்பு, பெயிண்ட்தானே அடிக்கிறோம்" என்று சிலர் கேட்பார்கள். கொடி என்று அந்தச் சட்டம் சொல்வது துணியை மட்டும் இல்லை. கொடியின் படம், ஓவியம், புகைப்படம், அதன் ஒரு பகுதியின் உருவம், அது எந்தப் பொருளின் மேல் இருந்தாலும், எல்லாமே அதில் அடங்கும். தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

கொடியின் மேல் எழுதுவதும் அதே பட்டியலில் இருக்கிறது. பெயர், ஊர், தலைவர் படம், மன்றத்தின் பெயர் எதுவும் மூவர்ணத்தின் மேல் ஏறக் கூடாது. எழுத்து வேண்டும் என்றால் சைடு பாக்ஸில் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். காவி கீழே போகும்படி வேண்டுமென்றே காட்டுவதும் குற்றம். தரையில் படவிடுவதும் குற்றம். 2002-ன் கொடி விதித்தொகுப்பு மெத்தை, கைக்குட்டை போன்றவற்றில் கொடியை அச்சிடக் கூடாது என்கிறது. ஆக, மூவர்ண சீட் கவர் வேண்டாம்.

2013-ல் கோவையில் ஒரு கிறிஸ்துமஸ் விழாவில் மூவர்ண கேக் வெட்டியது வழக்கானது. 2021 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அதை அவமதிப்பு இல்லை என்று ரத்து செய்தது. நோக்கம் என்ன என்பதை நீதிமன்றம் பார்க்கிறது என்பதற்கு நல்ல உதாரணம் அது. ஆனாலும் 2013-ல் நடந்த விழாவுக்கு 2021-ல்தான் விடுதலை கிடைத்தது என்பதையும் கவனியுங்கள். எதற்கு அந்த அலைச்சல்?

வெறும் கோடுகளையும் "கொடியின் ஒரு பகுதி" என்று ஒருவர் வாதாட இடம் இருக்கிறது. அதனால் டிசைனிலேயே ஐந்து விஷயங்களை உறுதி செய்துகொள்ள வேண்டும். பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. நடுவே வண்டியின் சொந்த நிறம் தெரிய வேண்டும். நீள்சதுர வடிவம் வரக் கூடாது. அசோகச் சக்கரம் வேண்டாம். காவி எப்போதும் மேலே. இப்படி இருந்தால் பார்ப்பவர் கண்ணுக்கு மூவர்ணம் தெரியும், போர்த்திய கொடி தெரியாது.

சக்கரம் வேண்டாம் என்பதற்குத் தொழில் காரணமும் உண்டு. அதற்கு 24 ஆரங்கள், கருநீலம். 12 மி.மீ. அகலப் பட்டைக்குள் 24 ஆரங்களைத் தெளிவாக எடுக்க ஸ்ப்ரேயாலும் முடியாது, ஸ்டிக்கர் வெட்டும் மெஷினாலும் முடியாது. நீலப் பொட்டாகத்தான் நிற்கும். இடம் போதவில்லை என்று எட்டு ஆரத்தோடு வரைந்துவிடுகிறார்கள். அதைப் பார்க்கவே மனசு ஒப்பவில்லை. பெட்ரோல் மூடியில் ஒட்டுவது இன்னும் மோசம். தினமும் கை படும், பெட்ரோல் சிந்தும்.

நீலத்தில் ஏதாவது சின்னம் இருந்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு மதுரையிலேயே ஒரு யோசனை இருக்கிறது. 1921 செப்டம்பர் 22-ல் மேல மாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் காந்தி மேல்சட்டையை விட்டு அரையாடைக்கு மாறினார். சைடு பாக்ஸில், மூவர்ணம் பக்கத்தில் வராமல், வெறும் கோட்டோவியமாக ஒரு ராட்டை. நம் ஊர் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் தோன்றவில்லை.

ஆர்.சி., நம்பர் பிளேட்

ஆர்.சி.யில் வண்டியின் நிறம் பதிவாகியிருக்கும். கறுப்பு என்று இருக்கும் வண்டியை முழுக்க வெள்ளையாக்கினால் ஆர்.டி.ஓ.வில் மாற்றிப் பதிய வேண்டும். மதுரையின் டி.என். 58, 59, 64 எதுவானாலும் வண்டி பதிவான அலுவலகத்தில் கேட்டு, கடன் பாக்கி இருந்தால் ஃபைனான்ஸ்காரரிடமும் எழுதி வாங்கிவிட்டு, இன்சூரன்ஸுக்கும் தெரிவிக்க வேண்டும். இந்த வேலையே வேண்டாம் என்றால் வழி எளிது: வண்டியின் நிறத்தை அப்படியே விட்டுவிட்டுக் கோடு மட்டும் போடுங்கள். கறுப்பு, சில்வர் இரண்டிலும் மூவர்ணம் எடுப்பாகத் தெரியும். சிவப்பு, மெரூன் வண்டிகளில் காவி அமுங்கிப்போகும்.

தேசபக்தி என்றதும் சிலர் புல்லட்டுக்கு ராணுவப் பச்சை கேட்கிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதி 121-ன்படி ஆலிவ் பச்சை ராணுவ வண்டிகளுக்கு மட்டும்தான். நம்பர் பிளேட்டிலும் கை வைக்க வேண்டாம். புதிய பிளேட்டில் அரசே சக்கர ஹாலோகிராம் வைத்துத்தான் தருகிறது. அதைச் சுற்றி நாம் வண்ணம் தீட்ட ஒன்றும் இல்லை.

எங்கே போடுவது

டேங்க்கின் இரண்டு பக்கங்கள்தான் சரியான இடம். சைடு பாக்ஸின் மேல் பாதியும் பரவாயில்லை. மட்கார்டில் சேறு அடிக்கும். வீல் ரிம்மில் போட்டால் சக்கரம் சுற்றும்போது காவி கீழே வந்துகொண்டே இருக்கும். கால் வைக்கும் இடம், சைலன்ஸர் மறைப்பு எதுவும் வேண்டாம்.

டேங்க்கின் நடுவே, ஹேண்டில்பாரிலிருந்து சீட் வரை நீளமாக ஓடும் பட்டையைப் பலரும் விரும்புகிறார்கள். அதில் ஒரு சிக்கல். கொடியைச் செங்குத்தாகக் காட்டும்போது பார்ப்பவரின் இடப்பக்கம் காவி வர வேண்டும். சீட்டில் உட்கார்ந்தவருக்கு இடப்பக்கம் வந்தால், எதிரே நிற்பவருக்கு வலப்பக்கம் வந்துவிடும். பக்கவாட்டுக் கோட்டில் இந்தக் குழப்பம் கிடையாது. எங்கிருந்து பார்த்தாலும் காவி மேலேதான்.

அளவு: ஒவ்வொரு பட்டையும் 12 மி.மீ., நடுவில் 3 மி.மீ. இடைவெளி. மொத்தம் 42 மி.மீ. 3 மி.மீ. என்று சொல்வதற்குக் காரணம், ஃபைன் லைன் டேப் (வளைவில் மடியாமல் வளையும் மெல்லிய டேப்) அந்த அகலத்திலேயே கிடைக்கிறது, டேப்பே இடைவெளியாகிவிடும். டேங்க்கின் இடப்பக்கத்தில் பட்டர் பேப்பரை வைத்துக் கோட்டின் வளைவை வரைந்து வெட்டி, அதையே திருப்பி வலப்பக்கத்தில் வையுங்கள். கண் மதிப்பில் இரண்டு பக்கமும் தனித்தனியாகப் போட்டால், நேர் எதிரே நின்று பார்க்கும்போது ஒரு பக்கம் விரலளவு ஏறியிருப்பது தெரியும்.

எந்த மாதத்தில்

ஆகஸ்ட் 15 என்பது ஆடிக் கடைசி. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால், ஈரக் கிளியரின் (கடைசியாக அடிக்கும் நிறமற்ற பூச்சு) மேல் புழுதி பறந்து வந்து உட்காராதா? அந்த நேரத்தில் திறந்தவெளிப் பட்டறையில் அடித்த டேங்க்கைக் கையால் தடவினாலே தெரியும், உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். சுதந்திர தினத்துக்கு வண்டி தயாராக வேண்டும் என்றால் வைகாசியிலேயே டிசைனை முடிவு செய்து, ஆனி பிறப்பதற்குள் பெயிண்டை முடித்துவிடுங்கள். தள்ளிப்போனால் மூடிய பூத் (பெயிண்ட் அடிக்கும் அறை) இருக்கிற பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

குடியரசு தினத்துக்குச் செய்பவர்களுக்கு மார்கழிப் பனி. அதிகாலையில் டேங்க் தகடு சில்லென்று இருக்கும், மேலே கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும். பத்து மணிக்கு மேல், தகடு சூடேறிய பிறகு அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் என்.சி. பெயிண்ட் (ஹார்டனர் என்ற இறுக்கும் திரவம் கலக்காமல், தின்னர் ஆவியானாலே காயும் வகை) பால் போல வெளுத்துவிடும். காற்றிலிருக்கும் ஈரம் தின்னர் ஆவியாகும்போது பெயிண்டின் மேலேயே படிவதுதான் காரணம். மாசி, பங்குனி முதல் பாதி, இதுதான் மதுரைக்கு நல்ல காலம்.

சித்திரை வெயிலில் 40 டிகிரி வரும்போது காலை ஆறு முதல் எட்டரைக்குள் ஸ்ப்ரேயை முடித்துவிட வேண்டும், தின்னரும் மெதுவாக ஆவியாகும் வகையாக இருக்க வேண்டும். வேகத் தின்னர் போட்டால் பெயிண்ட் கன்னிலிருந்து டேங்க்குக்குப் போய்ச் சேரும் முன்பே பாதி காய்ந்து பொடியாக விழும்.

டேங்க்கைக் கழற்றுவது

பெட்ரோலை ஒரு லிட்டருக்குக் கீழே கொண்டுவந்த பிறகு கழற்றுங்கள். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் திருகை (டேப்) மூடி ட்யூபை உருவினால் போதும். புதிய பி.எஸ்.6 (இன்ஜெக்டர்) வண்டிகளில் பம்ப் டேங்க்குக்குள்ளேயே இருக்கிறது, லைனில் அழுத்தம் நிற்கும். பம்பின் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்து தானாக நின்றுபோகும் வரை ஓட விடுங்கள். அப்புறம் ஹோஸை எடுத்தால் முகத்தில் பீய்ச்சாது.

பெட்ரோல் வடித்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று நினைக்கக் கூடாது. நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. உள்ளே நிற்பது காற்றோடு கலந்த ஆவி. அடுப்பும் பூஜை விளக்கும் இருக்கிற வீட்டுக்குள் வைக்காதீர்கள். டிங்கர் வேலைக்கு வெல்டிங் தேவைப்பட்டால் டேங்க்கைக் கழுவி ஆவி நீக்கத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். பெட்ரோல் மூடி கழற்றிய வாய், பெட்ரோல் திருகின் துளை, பம்ப் துளை மூன்றையும் நன்றாக அடைத்துவிட வேண்டும். தேய்க்கும்போது வருகிற சேறு உள்ளே போனால் பிற்பாடு இன்ஜெக்டர்தான் அடைபடும்.

பழைய பெயிண்டைச் சுரண்டணுமா?

பெரும்பாலும் தேவையில்லை. கம்பெனி பெயிண்ட் சூட்டில் வெந்து இறுகியது. உரியாமல் இருந்தால் அதைவிட நல்ல அடித்தளம் கிடையாது. வெள்ளைத் துணியில் தின்னர் நனைத்து, கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் பத்து விநாடி தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஒட்டவில்லை என்றால் அது கம்பெனி பெயிண்ட், அல்லது 2கே (ஹார்டனர் கலந்து அடிக்கும் வகை). ஒட்டினால், பிசுபிசுத்தால், யாரோ முன்பு என்.சி. அடித்திருக்கிறார்கள். அதன் மேல் 2கே ஏற்றினால் சுருங்கிக் கிளம்பும். தகடு வரை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

தகடு தெரிகிற இடத்தில் முதலில் எபாக்ஸி பிரைமர் என்ற அடிப்பூச்சு. சொட்டை இருந்தால் பள்ளத்தை நிரப்பப் பட்டி. 100 கிராம் பட்டிக்கு ஹார்டனர் 2 கிராம் போதும். சீக்கிரம் இறுகட்டும் என்று அதிகம் போட்டால், மிச்சமிருக்கும் ஹார்டனர் மேலே ஊறி வெள்ளைப் பட்டையில் மஞ்சள் கறையாகத் தெரியும். வெயில் காலத்தில் நாலைந்து நிமிஷத்தில் இறுகிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். பட்டியின் மேல் 2கே சர்ஃபேஸர் (மேற்பரப்பைச் சமமாக்கும் பூச்சு), காய்ந்ததும் 400, பிறகு 600 வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்). மரக்கட்டையையோ ரப்பர் கட்டையையோ வைத்துத் தேய்க்க வேண்டும். விரலால் தேய்த்தால் விரல் பட்ட தடமெல்லாம் பள்ளமாகி, கிளியர் ஏறியதும் ட்யூப்லைட் வெளிச்சத்தில் நெளியும்.

பழைய நிறம் சிவப்பு அல்லது மெரூனாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. சில சிவப்பு நிறமிகள் தின்னரில் கரைந்து மேலே ஏறி வரும். வெள்ளைப் பட்டை இரண்டே நாளில் ரோஸ் ஆகிவிடும். இடையில் எபாக்ஸி ஒரு கோட் (பூச்சு) போட்டு அடைப்பதுதான் மருந்து.

சைடு பாக்ஸ் பிளாஸ்டிக்காக இருந்தால் பின்பக்கம் அச்சாகியிருக்கும் எழுத்தைப் பாருங்கள். ஏ.பி.எஸ். என்றால் நேராகத் தேய்த்து அடிக்கலாம். பி.பி. என்றால் பிளாஸ்டிக் பிரைமர் இல்லாமல் ஒட்டாது. வண்டியை ஒருமுறை கழுவும்போதே தோலாக உரியும்.

கடைசியாகக் கழுவுகிற தண்ணீரில் கவனம் வையுங்கள். மதுரையில் பல பகுதிகளில் போர் தண்ணீர் உப்பு. அதில் கழுவி அப்படியே காயவிட்டால் பொடியாக உப்பு தங்கும். பெயிண்டுக்கு அடியில் அது ஈரத்தை இழுத்து, மழைக்காலம் வந்ததும் சின்னச் சின்னக் கொப்புளமாக எழும். கடைசிக் கழுவலுக்குக் கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுத்து, உடனே துடைத்துவிடுங்கள்.

வண்ணம்

கறுப்பு டேங்க், கம்பெனி பெயிண்ட் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வாங்க வேண்டியது: வெள்ளை, காவி, பச்சை பேஸ் கோட் (கிளியருக்கு அடியில் அடிக்கும் நிறம்) ஒவ்வொன்றும் 100 மி.லி. (அதற்கு மேல் தேவையே இல்லை), 2கே கிளியர் அரை லிட்டர், அதற்கான ஹார்டனர், மெதுவான தின்னர், 3 மி.மீ. ஃபைன் லைன் டேப் ஒரு ரோல், 12 மி.மீ., 24 மி.மீ. மாஸ்கிங் டேப். டேங்க் முழுதும் கறுப்பு அடிப்பதாக இருந்தால் கறுப்பு பேஸ் கோட் கால் லிட்டர் கூடும்.

நிறத்தைக் கலந்து தரும் கடையில் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காவி ஆரஞ்சுப் பழ நிறமாகவோ செங்கல் நிறமாகவோ போய்விடும். பச்சை கிளிப் பச்சையாகிவிடும். நல்ல காதிக் கொடி ஒன்றைக் கையில் எடுத்துப் போங்கள். சிறிய தகட்டில் வெள்ளை அடித்து, அதன் மேல் காவி அடித்து, அதன் மேல் கிளியரும் அடித்து, கடைக்கு வெளியே வெயிலில் கொடியோடு வைத்துப் பாருங்கள். கிளியர் ஏறினால் நிறம் ஒரு படி அடர்த்தியாகும். கிளியர் போடாத தகட்டைப் பார்த்துச் சரி என்று சொன்னால் பிறகு வருத்தப்பட வேண்டும்.

காவிக்கு ஒரு குணம்: அது மூடாது. கறுப்பின் மேல் நேராக அடித்தால் ஆறு கோட் போட்டாலும் பழுப்படித்தே நிற்கும். சாம்பல் பிரைமரின் மேலும் மங்கல்தான். அதனால் மூன்று பட்டைக்கும் அடியில் வெள்ளை போட வேண்டும்.

டேங்க் முழுவதையும் 800 வாட்டர் பேப்பரில் பளபளப்புப் போகும் வரை தேய்த்துக்கொள்ளுங்கள். மூடி ஓரம், கம்பெனி லோகோவின் விளிம்பு, அடிப்பக்க மடிப்பு, இங்கெல்லாம் பேப்பர் போகாது. ஸ்காட்ச் பிரைட் (தேய்க்கும் நார்) எடுங்கள். பளபளப்பு மிஞ்சிய இடத்தில்தான் பின்னால் கிளியர் உரியும். பிறகு கிரீஸ் நீக்கியால் துடைக்க வேண்டும், ஈரத் துணி ஒன்று, உலர் துணி ஒன்று. மண்ணெண்ணெயால் துடைத்தால் எண்ணெய்ப் படலம் தங்கிவிடும். பட்டறையில் அதே நேரம் யாராவது டயர் பாலிஷ், டாஷ்போர்டு பாலிஷ் அடித்துக்கொண்டிருந்தால் வேலையை நிறுத்திவிடுங்கள். அந்த சிலிக்கான் துளி எங்கே பட்டாலும் பெயிண்ட் வட்டமாக விலகிக் குழி விழும்.

இப்போது டேப். வெளி எல்லை இரண்டும், நடு இடைவெளி இரண்டும், நான்கும் 3 மி.மீ. ஃபைன் லைன் டேப். வளைவில் சாதா மாஸ்கிங் டேப் சுருங்கும். ஃபைன் லைன் மட்டுமே மடிப்பில்லாமல் வளையும். இழுத்து ஒட்டாதீர்கள், வெயிலில் சுருங்கிக் கிளம்பிவிடும். ஒட்டியபின் விரல் நகத்தால் ஓரம் முழுக்க ஒருமுறை அழுத்துங்கள். டேங்க்கின் மிச்சப் பகுதியைப் பேப்பர் வைத்து மூடுங்கள். செய்தித்தாள் என்றால் இரண்டு மடிப்பு, ஒற்றைத் தாளில் தின்னர் ஊறி மை இறங்கும்.

முதலில் டேப் ஓரங்களில் மெலிதாக ஒரு கோட் கிளியர். அடியில் ஏதாவது இடுக்கு இருந்தால் கிளியர் புகுந்து அடைத்துக்கொள்ளும், நிறம் புகாது. பிறகு வெள்ளை, மூன்று மெல்லிய கோட், நடுநடுவே பத்து நிமிஷம். நன்றாகக் காய்ந்ததும் நடுப் பட்டையையும் கீழ்ப் பட்டையையும் 12 மி.மீ. டேப்பால் மூடி மேலே காவி அடியுங்கள். அது காய்ந்ததும் காவியை மூடி, கீழ்ப் பட்டையைத் திறந்து பச்சை. நடு வெள்ளையின் டேப்பைக் கடைசி வரை எடுக்கவே கூடாது. பச்சைத் தூசி ஒரு பொட்டு விழுந்தால் வெள்ளையைத் திரும்ப அடிக்க வேண்டும். பட்டைகளுக்கு 0.8 மி.மீ. முனை வைத்த மினி கன், 20 பி.எஸ்.ஐ. அளவில் போதும். பெரிய கன்னால் அடித்தால் டேப் ஓரத்தில் பெயிண்ட் குவிந்து வரம்பு கட்டும்.

டேப்பை எடுக்கும் நேரம்தான் வேலையின் உயிர்நாடி. கடைசிக் கோட் அடித்துக் கால் மணியிலிருந்து அரை மணிக்குள், தொட்டால் ஒட்டாது, ஆனால் முழுக்க இறுகவில்லை என்ற பதத்தில் எடுக்க வேண்டும். டேப்பை மேலே தூக்காமல், அதன் மேலேயே பின்னோக்கி மடக்கி, பெயிண்ட் இருக்கும் பக்கத்திலிருந்து விலகிப் போகிற மாதிரி மெதுவாக இழுங்கள். ஓரத்தைக் கவனித்துக்கொண்டே இழுக்க வேண்டும். நூல் போல பெயிண்ட் எழும்பினால் இழுப்பதை நிறுத்தி, புது பிளேடால் அந்த இடத்தில் லேசாகக் கீறிவிட்டுத் தொடருங்கள். மறுநாள் எடுத்தால் பட்டையின் விளிம்பு பல்லுப்பல்லாக உடைந்து வரும். அதைப் பிரஷ் வைத்துச் சரி செய்ய முடியாது.

கிளியர்

பேஸ் கோட் அடித்து 24 மணி நேரத்துக்குள் கிளியர் ஏறிவிட வேண்டும். தாமதமானால் பிடிப்புக் குறையும். கலவைக் கணக்கு டின்னில் எழுதியிருப்பதுதான். பெரும்பாலும் இரண்டு பங்கு கிளியருக்கு ஒரு பங்கு ஹார்டனர். அளவுக் கப்பில் ஊற்றுங்கள், கண் மதிப்பு வேண்டாம். 1.3 மி.மீ. முனை, 28 முதல் 30 பி.எஸ்.ஐ., 15 முதல் 20 செ.மீ. தூரம், ஒவ்வொரு ஓட்டமும் முந்தைய ஓட்டத்தின் பாதியை மூட வேண்டும். கம்ப்ரஸரில் தண்ணீர் பிரிப்பான் இல்லையென்றால் அந்தப் பட்டறையில் அடிக்காதீர்கள்.

ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், ஆஸ்துமா வரவைக்கும். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு 2கே அடிக்கும் பெயிண்டர் தம்பிகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஆவியை வடிகட்டும் கேட்ரிட்ஜ் மாஸ்க்தான் வேண்டும். பட்டறையில் இல்லையென்றால் நீங்களே ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

இரண்டு கோட், நடுவில் 15 நிமிஷம். பட்டைகள் தகட்டைவிடச் சற்று உயர்ந்து நிற்பதால், ஒரு தடவை கிளியர் அடித்தாலும் விரலுக்குப் படி தட்டும். இரவு முழுக்கக் காயவிட்டு, 1000 வாட்டர் பேப்பரில் படி மறையும் வரை தேய்த்து, மறுபடி இரண்டு கோட் கிளியர் ஏற்றினால்தான் கண்ணாடி போல வரும். தேய்க்கும்போது வருகிற தண்ணீர் வெள்ளையாக இருக்கும் வரை பயமில்லை. காவியோ பச்சையோ கலந்து வந்தால் கிளியரைத் தாண்டிவிட்டீர்கள், அங்கேயே நிறுத்துங்கள்.

வெயில்தான் நம்ம ஊரில் இலவச ஓவன் என்று ஈர டேங்க்கை உடனே மொட்டைமாடியில் வைக்காதீர்கள். மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே சிக்கிய தின்னர் வெடித்து வெளியேறும். ஊசி குத்திய மாதிரி நூற்றுக்கணக்கில் துளை விழும். மறுநாள் வைக்கலாம், அதுவும் காலை வெயிலில்.

இரண்டு நாள் கழித்து 2000 பேப்பர், ரப்பிங் காம்பவுண்ட், பாலிஷ். பெட்ரோல் ஊற்ற ஒரு வாரம் பொறுங்கள். வாக்ஸ் ஒரு மாதம் கழித்து.

பட்டறைக்காரரிடம்

பேச வேண்டியது மூன்றே விஷயம். "அண்ணே, கிளியர் 2கே-தானே, ஹார்டனர் கலந்து அடிப்பீங்கள்ல?" முதல் கேள்வி. ஸ்ப்ரே கேனிலோ என்.சி.யிலோ முடித்தால், பங்க்கில் மூடி ஓரமாக வழியும் ஒரு சொட்டுப் பெட்ரோலே போதும். மூடிக்குக் கீழே நாக்குப் போல நீளமாக பெயிண்ட் மங்கி, இரண்டு மாதத்தில் அந்த இடம் உரிய ஆரம்பிக்கும். இரண்டாவது, எங்கே வைத்து அடிப்பார், திறந்த இடமா, மூடிய இடமா. மூன்றாவது, பட்டைக்கு அடியில் வெள்ளை போடுவாரா. "தேவையில்ல தம்பி, நேரா அடிச்சுரலாம்" என்று பதில் வந்தால் வேறு பட்டறை பாருங்கள்.

பெட்ரோல் போடும்போது மூடி ஓரத்தில் ஒரு துணி வைப்பது பழகிக்கொள்ள வேண்டிய விஷயம். சிந்தினால் தேய்க்காமல் ஒற்றி எடுத்துத் தண்ணீர் விடுங்கள். மூன்று நிறத்தில் முதலில் வெளுப்பது காவிதான். மதுரை வெயிலில் தினமும் நிறுத்துகிறவர்கள் நிழல் தேடி நிறுத்துங்கள், அல்லது கவர் போடுங்கள். கிழிந்த, அழுக்கான கொடியைக் காட்டக் கூடாது என்பது கொடிக்கான விதி. கோடுகளுக்கும் அதே மரியாதையைத் தருவது நம் கடமை. வெளுத்துவிட்டால் காவியை மட்டும் திரும்ப அடியுங்கள். வண்டியை விற்கிறீர்கள் என்றால், வாங்குபவர் அதைப் பேணுவாரா என்று தெரியாவிட்டால், பட்டையை எடுத்துவிட்டு விற்பது நல்லது.

மிஞ்சிய மூன்று நிறத்தையும் சிறிய கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, கலவை எண்ணையும் தேதியையும் எழுதி வையுங்கள். பேஸ் கோட்டில் ஹார்டனர் கலக்கவில்லை என்றால் இறுக மூடி வைத்தால் கெடாது. சாவி கீறல், கல் பட்ட பொட்டு எல்லாவற்றுக்கும் அதுவே உதவும். ஹார்டனர் கலந்த கிளியரைச் சேமிக்க முடியாது, அன்றே கல்லாகிவிடும்.